மூன்றாவது லைன் ஏன் நின்றது

பணி ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் மகனுக்காகக் கேட்கிறார். பழைய தொழிற்சாலையிலிருந்து போன் செய்கிறவர்கள் தங்களுக்காகக் கேட்கிறார்கள். "மேடம், புரோகிராம் எழுத எந்த லாங்குவேஜ் பெஸ்ட்?" நான் "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பதில் தெரியாமல் நழுவுகிறேன் என்று சிலர் நினைப்பது முகத்திலேயே தெரியும்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நீளமான பதில் இருக்கிறது. பந்தியில் சொல்லக்கூடியது இல்லை. இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். அம்பத்தூரில் ஒரு சிறிய கம்பெனியில் ரிலே பேனல்களுக்கு ஒயரிங் செய்யத் தொடங்கி, ரிலேக்கள் போய் பி.எல்.சி. வந்தபோது அதற்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். பி.எல்.சி. என்பது மெஷினை ஓட்டுகிற சிறிய கம்ப்யூட்டர். கதவு மூடியிருக்கிறதா, பொருள் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் மோட்டாரை ஓடச் சொல்லும். மாலை வகுப்பில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி, பிறகு விபி. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஆஸ்துமா. இதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2007-இல் ஒரகடம் பக்கம், சேரப்பணஞ்சேரியைத் தாண்டி, காருக்கு வாட்டர் பம்ப் செய்யும் புதிய தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே ஆட்டோமேஷன் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஜெயசீலன் சார்.

ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில். பயிற்சிக்கு வந்த பையனைக்கூட 'நீங்க' என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அவர் சொல்வது காதில் விழ நாம் குனிய வேண்டியிருக்கும். புரோகிராமைத் திரையில் படிக்க மாட்டார். அச்சிட்டுத் தரச் சொல்வார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவை மூடிக்கொண்டு, கதைப் புத்தகம் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து படிப்பார். புரியாத இடத்தில் பச்சைக் கோடு. தப்பான இடத்தில் இல்லை, புரியாத இடத்தில். "தப்பை மெஷினே காட்டிக் குடுத்துடும் சுகந்தி. புரியாததை யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்க" என்பார்.

அவர் வைத்திருந்த ஒரு நடைமுறையை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. புரோகிராம் எழுதி முடித்து, மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அன்றைய ஷிப்ட் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். எழுதியவரைத் தள்ளி நிறுத்திவிடுவார். மெஷினில் எங்கோ ஒரு ஒயரை அவரே கழற்றிவிட்டு, லேப்டாப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, "மெஷின் நின்னுடுச்சு. ஏன்னு பாருங்க" என்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். எலக்ட்ரீஷியன் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் கையெழுத்து. முடியாவிட்டால், புரோகிராம் எழுதியவருக்கே திரும்பும். எலக்ட்ரீஷியனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுவது லேடர் என்ற மொழி. பெயருக்கு ஏற்றபடி திரையில் ஏணி போலத் தெரியும். ஒவ்வொரு படியிலும் வரிசையாக நிபந்தனைகள்: கதவு மூடியிருக்கிறது, பம்ப் உள்ளே இருக்கிறது, அதைப் பிடித்திருந்த பிடி விலகியிருக்கிறது. நிறைவேறியவை பச்சையாகும். எல்லாம் பச்சையானால் மெஷின் நகரும். எங்கே பச்சை நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒயரிங் தெரிந்த யாரும் படித்துவிடலாம்.

அதற்காக அவர் லேடர் பக்தர் இல்லை. சேர்ந்த புதிதில், பம்ப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினுக்கு நான் புரோகிராம் எழுதினேன். காற்றழுத்தம் குறைகிற வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். சராசரி, சரிவு, வெப்பத்துக்கான திருத்தம் எல்லாவற்றையும் லேடரில் எழுதினேன். பக்கம் பக்கமாகப் போனது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாள்கள் திரும்பி வந்தபோது தோட்டம் மாதிரி பச்சையாக இருந்தன.

"இது கணக்குதானே சுகந்தி? கணக்கைக் கணக்காவே எழுதுங்களேன். ஏணியில ஏத்தி ஏன் அதைக் கஷ்டப்படுத்தறீங்க?"

அதே பி.எல்.சி-யில் கணக்குகளை வரிவரியாக எழுதுகிற இன்னொரு மொழி உண்டு. அதில் எழுதினேன். ஒரே பக்கத்தில் முடிந்தது. அறிக்கை அச்சிடும் கம்ப்யூட்டருக்கு விபி. கேமராவில் படம் பிடித்துச் சோதிக்கிற இடத்துக்கு சி. எதற்கும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது நின்னா, முன்னாடி போய் நிக்கப் போறது யாரு?" அந்த ஆளை மனதில் நிறுத்திக்கொண்டு மொழியைத் தேர்ந்தெடு என்பது அதன் பொருள்.

பம்ப் உற்பத்தி செய்யும் எங்கள் முதல் இரண்டு லைன்களின் முன்னால் பெரும்பாலும் போய் நின்றவர் கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். நிலத்தை விற்ற பணத்தில் வீட்டின் மேல் வரிசையாக அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அப்படி ஓர் அறையில் இருந்தவன் இசக்கிமுத்து. அருப்புக்கோட்டைப் பக்கம். பின்னால் வந்த மூன்றாவது லைனில் ஆபரேட்டர், காண்ட்ராக்ட். இருவரும் ஒரே பைக்கில்தான் வருவார்கள். இசக்கியின் சாப்பாடு கன்னியப்பன் வீட்டில்தான். "ரூமுக்கு வாடக குடுக்கிறான், சோத்துக்கு எங்க வூட்டுக்காரிகிட்ட வாய் குடுக்கிறான்" என்று கன்னியப்பன் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மூன்றாவது லைனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2011-இல் புதிய பிளான்ட் ஹெட் வந்தார். வேகமான மனிதர், கெட்டவர் இல்லை. உற்பத்தியைக் கூட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு. மூன்றாவது லைனை நாங்கள் கட்டாமல், புனேயிலிருந்து ஒரு நிறுவனத்திடம் முழுதாக வாங்க முடிவு செய்தார். அதில் பி.எல்.சி. கிடையாது. ஒரு கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் ஓட்டும். முழு புரோகிராமும் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில். எங்கள் லைன்களைவிட வேகமாக ஓடும் என்பது உண்மைதான்.

கூட்டத்தில் ஜெயசீலன் சார் தணிந்த குரலில் சொன்னார்: "கேமராவுக்கு சி பிளஸ் பிளஸ் வெச்சுக்கலாம் சார். மெஷின் நகர்றது மட்டும் லேடர்ல இருக்கட்டும். கோளாறுன்னா போய் நிக்கப் போறது நம்ம எலக்ட்ரீஷியன்."

"கோளாறு வந்தா புனேக்குப் போன் போடலாம் சார். சப்போர்ட் காண்ட்ராக்ட் இருக்கு" என்றார் பிளான்ட் ஹெட்.

நானும் அதையே சொன்னேன். "மேடம், உலகம் எங்கயோ போயிட்டிருக்கு" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதோடு கூட்டம் முடிந்தது.

லைன் வந்தது. அதை எழுதிய நிகில் என்ற பையன் கூடவே வந்து நின்று ஓட்டிக் காட்டினான். கெட்டிக்காரன். முதல் வருஷம் அந்த லைன் எங்கள் எல்லோர் வாயையும் மூடியது. ஜெயசீலன் சாரே ஒருநாள் அதன் எதிரில் நின்று, "அழகா ஓடுது, இல்ல?" என்றார். அவர் குரலில் பொறாமை இல்லை.

அடுத்த வருஷம் அது அவ்வப்போது நிற்கத் தொடங்கியது. பம்ப் உடலை ஸ்லைடு என்கிற தட்டு உள்ளே இழுத்துப் போகும். அங்கே பிரஸ் இறங்கி பேரிங்கை அதற்குள் அழுத்திப் பொருத்தும். ஸ்லைடு வெளியே வரும்போது பாதி வழியில் நின்றுவிடும். திரையில் 'எரர் 17, ஸ்டெப் டைம் அவுட்'. அவ்வளவுதான். இந்த இடத்தில் எதற்காகவோ காத்திருந்தேன், அது வரவில்லை என்று மெஷின் சொல்கிறது. எதற்காக என்று சொல்லவில்லை.

கன்னியப்பன் என்னிடம் வந்தார். "இன்னா மேடம் இது? பதினேழு பதினேழுன்னுகினு கீது. பதினேழுன்னா இன்னான்னு சொன்னாதான நான் எங்க கை வெக்கணும்னு தெரியும்?"

புனேக்குப் போன் போட்டோம். நிகில் வேலையை விட்டு வெளிநாடு போயிருந்தான். போனை எடுத்தவர் சொன்னது, "ரீஸ்டார்ட் பண்ணுங்க." ரீஸ்டார்ட் செய்தால் ஸ்லைடு, பிரஸ் எல்லாம் தன்னிடத்துக்குத் திரும்பிப் போய் நின்று, மறுபடி ஓடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றிருந்தது ஷிப்டுக்குப் பல தடவையானது. ஜெயசீலன் சார் எழுத்து மூலமாகக் கேட்டும், நேரில் ஆள் வரத் தேதி தள்ளிக்கொண்டே போனது.

கன்னியப்பன் சும்மா இருக்கிறவர் இல்லை. மெஷின் கதவை ஓங்கிச் சாத்தினால் சில நேரம் ரீஸ்டார்ட் இல்லாமலேயே ஓடிவிடுவதைக் கவனித்தார். "கதவ ஓங்கி சாத்துனா ஓடுது மேடம். அப்போ கதவு சுச்சுலதான் கீது கோளாறு" என்றார். கேட்டபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. கதவு சுவிட்ச் புதிதாக வாங்க எழுதிக் கொடுத்தோம். அது புனேயிலிருந்துதான் வர வேண்டும்.

வருவதற்குள், உற்பத்தி குறைகிறது என்று லைன் சூப்பர்வைசர் அவரை நெருக்கியிருக்கிறார். கன்னியப்பன் ஒரு சிறு காந்தத்தைக் கதவு சுவிட்சின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டார். இனி கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். சுவிட்ச் வந்ததும் எடுத்துவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லித்தான் செய்தார். எங்கள் துறைக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டொரு நாள் மெஷின் நிற்பது குறைந்ததுபோலவும் இருந்ததாம்.

அது நடந்தது காலை ஷிப்டில், டீ முடிந்து எல்லோரும் திரும்பிய நேரம். மெஷின் மறுபடி பதினேழில் நின்றது. பாதியில் நின்ற பம்பை எடுக்க இசக்கி கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். கம்ப்யூட்டர் இருப்பது மெஷினுக்குப் பின்புறம். அங்கே இருந்த கன்னியப்பனுக்கு அவன் தெரியவில்லை. அவர் ரீஸ்டார்ட் கொடுத்தார். ஸ்லைடு தன்னிடத்துக்குத் திரும்பியது.

நான் ஓடிப்போனபோது கன்னியப்பன் இசக்கியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தன் சட்டையைக் கழற்றி அவன் கையில் சுற்றியிருந்தார். "டேய், என்னப் பாரு, என்னப் பாருடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கி அவரைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. காந்தமும் டேப்பும் மேஜை மேல் வைக்கப்பட்டிருந்தன. கன்னியப்பன் எதையும் மறுக்கவில்லை. இசக்கி கையில் கட்டோடு வந்து, "கன்னியப்பண்ணன் மேல தப்பில்ல சார். நான் எடுக்கேன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கணும்" என்றான். அதை எழுதிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. லைன் சூப்பர்வைசர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அறிக்கை ஜெயசீலன் சாரிடம் கையெழுத்துக்கு வந்தது. ஊழியரின் கவனக்குறைவு என்பது அதன் சாரம். வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு கேட்டார்: "மெஷின் ஏன் நின்னுது?"

"சார், அது டெக்னிகல் விஷயம். இந்த விசாரணை விபத்தைப் பத்தி" என்றார் விசாரணை நடத்தியவர்.

"மெஷின் நிக்காம இருந்தா அந்தப் பையன் எதுக்குக் கைய விடப்போறான்? ஏன் நின்னுதுன்னு இந்த ரூம்ல யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. நான் இந்தத் துறைக்குத் தலைவன். எனக்கே தெரியாத மெஷின் முன்னாடி கன்னியப்பனைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அதுவும் இதுல இருக்கணும்."

குரல் மிகவும் தணிந்திருந்தது. யாரும் குனியவில்லை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. கன்னியப்பனை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் ஜெயசீலன் சாரும் ராஜினாமா செய்தார். செய்ய வைத்தார்கள் என்றும் சொல்லலாம். பிரிவுபசார விழா வேண்டாம் என்றுவிட்டார். போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "அது ஏன் நின்னுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுடுங்க சுகந்தி" என்றார்.

கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. நிகில் எழுதிய புரோகிராமைப் புனேயிலிருந்து வரவழைத்து, மாலை வகுப்பில் படித்த சி-யை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. சி பிளஸ் பிளஸ் மேலும் தப்பு இல்லை. ஸ்லைடு நகர வேண்டிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதி, அதில் எது தவறினாலும் பதினேழு என்று முடித்திருந்தான். அவன் எதிரில் மெஷின் நின்றால், அவனே லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொள்வான். அவனுக்கு அது போதும். தன்னைத் தவிர இன்னொருவர் அங்கே வந்து நிற்பார் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது கோளாறு அகப்பட்டது. பம்பைப் பிடித்திருக்கும் பிடி விலகிவிட்டது என்று சொல்லும் சிறிய சென்சார். ஸ்லைடோடு சேர்ந்து போய் வந்து, அதன் ஒயர் உறைக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. தொட்டால் இணையும், விட்டால் பிரியும். கதவை ஓங்கிச் சாத்தினால் அந்த அதிர்வில் இணைந்துகொள்ளும். கதவு சுவிட்ச் பழுதாகவே இல்லை.

விபத்துக்குப் பிறகு பிளான்ட் ஹெட் நான் கேட்டதற்கெல்லாம் சம்மதித்தார். கேமராவை மட்டும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு, மெஷின் நகர்வது முழுவதையும் பி.எல்.சி-யில் லேடரில் எழுதினேன். கதவுக்கு, காந்தம் வைத்து ஏமாற்ற முடியாத சுவிட்ச் போட்டோம். லைன் சற்று மெதுவாகத்தான் ஓடியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டத்தில் ஜெயசீலன் சார் கேட்டது இதைத்தான்.

இசக்கிக்கு ஸ்டோரில் வேலை கொடுத்திருந்தார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் வீட்டிலேயேதான் இருந்தான். அவர்தான் அவனுக்குத் தலை துவட்டிவிடுவதும், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் என்று கேள்விப்பட்டேன். வேலை போன பிறகு தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கன்னியப்பனைத் தொழிற்சாலை கேட்டுக்குள் விடுவதில்லை.

ஒரு மதியம், லைன் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது இசக்கி வந்து என் பின்னால் நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு இது ஏன் நின்னுச்சு?"

அதுவரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மெஷினை நிறுத்தினேன். அந்தச் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். பச்சை ஒவ்வொரு நிபந்தனையாகக் கடந்து வந்து ஓரிடத்தில் நின்றது. அதன் அடியில் 'பிடி விலகியது' என்று எழுதியிருந்தது.

இசக்கி குனிந்து பார்த்தான். "இம்புட்டுத்தானா மேடம்?"

"இவ்வளவுதான்."

"கதவு?"

திரையில் பச்சையாக இருந்த கதவு நிபந்தனையைக் காட்டினேன். "கதவு நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவன் லேப்டாப்பை என் பக்கமே திருப்பி வைத்தான்.

"அண்ணன் இன்னும் கதவு சுச்சு போயிருந்துச்சுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காக" என்றான். "பழுதான சுச்சுக்குத்தான காந்தம் வச்சேன்னு. அந்த நெனப்ப வச்சுத்தான் அவுக தூங்குறதே." பிறகு என்னைப் பார்த்தான். "இத அவுககிட்ட சொல்லிராதீக மேடம். கதவுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

2015-இல், நான் ஓய்வு பெறப்போகும் சமயத்தில், படப்பையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு தண்ணீர் லாரி ஓரங்கட்டி நின்றது. கன்னியப்பன் இறங்கி வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. இசக்கி அவன் மாமா மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறான், பெண் பார்க்கிறார்கள் என்றார். என் ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்டார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் அவசரமாக, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"மேடம், அந்தக் கதவு சுச்சு... அப்பாலிக்கா இன்னா பண்ணீங்கோ?"

"மாத்திட்டோம் கன்னியப்பன்" என்றேன்.

"ஆங்... மாத்தித்தான் ஆவணும். அது அப்பவே பூட்ச்சு" என்றார் அவர்.